ஏழாம் தாள்

என் வேலையில் பிழையே வராது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. பிழை வந்தால் அதை முதலில் காண்பவள் நானாகத்தான் இருப்பேன் என்றுதான் சொல்லிவந்தேன். இரண்டும் ஒரே தலைக்கனம்தான் என்பார் ஜெயராஜா சேர். அவர் சொன்னால் சொல்லட்டும், அவர் ஜாவா என்ற கணினி மொழி படித்தவரில்லை.

இது 2010 தை மாதத்துக் கதை. போர் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மட்டக்களப்பு நகரில் வாவியைப் பார்த்த ஒரு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். வீடு கட்டிக்கொடுக்கும் தொண்டு நிறுவனம். ஜெயராஜா சேர் மட்டக்களப்புப் பொறுப்பாளர். நான், தனுஷியா, கணினிப் பிரிவு. பிரிவு என்றால் நான் ஒருத்தி, ஒரு மேசை, சுற்றும்போது முனகும் ஒரு காற்றாடி. சொந்த ஊர் பெரியகல்லாறு. அந்த ஊர்ப் பெண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். என்னைப் பார்த்த பிறகு சொன்னார்களோ தெரியாது.

கதிரவெளிப் பக்கத்துக் கரையோரக் குடும்பங்களுக்குக் கல்வீடு கட்டுவது அந்த வருஷத்து வேலை. அந்தச் சனத்தின் வீடுகளை 2004இல் கடல் கொண்டுபோனது. தகரக் கொட்டிலில் இருந்து தலைநிமிர்வதற்குள் சண்டை வந்து துரத்தியது. திரும்பி வந்தபோது கொட்டிலும் இல்லை. இப்போது ஒரு பொதுமண்டபத்தைச் சுற்றி மறுபடியும் கொட்டில்களில் இருந்தார்கள். ஏறத்தாழ நூற்று நாற்பது வீடு வேண்டிவரும் என்று கொழும்புத் தலைமையகம் ஒதுக்கிவைத்திருந்தது. யார் யாருக்கு வீடு என்ற பட்டியலை இணையப் பக்கமாக ஆக்குவது என் பொறுப்பு. கொழும்பில் இருப்பவர்களும் திறந்து பார்க்க வேண்டும், அதையே அச்சடித்து மண்டபச் சுவரில் ஒட்டவும் வேண்டும்.

எனக்குத் தந்தது ஐந்நூற்று முப்பது வரிகள். ஆளுக்கு ஒரு வரி: பெயர், வயது, இழந்த வீடு யாருடையது. அதை அப்படியே பக்கத்தில் கொட்டினால் திருவிழாக் கூட்டம்தான். யார் யாரோடு வந்தவர் என்று ஒருவருக்கும் விளங்காது. ஆகவே வீட்டுக்காரர் பெயரை வைத்துக் குழுக்குழுவாகக் காட்ட வேண்டும்.

ஜாவாவில் இதற்கென்று அட்டவணை வரைந்துதரும் ஆயத்தக் கூறு, அதாவது யாரோ முன்பே எழுதிவைத்த செய்நிரல் துண்டு, ஒன்று இருக்கிறது. பட்டியலைக் கையில் கொடுத்தால் வரி வரியாக வரைந்துகொண்டு போகும். எந்தக் கட்டத்தை வைத்துக் குழுவாக்குவது என்று சொன்னால், ஒவ்வொரு வரிக்கும் அதற்கு மேல் உள்ள வரியை மட்டும் திரும்பிப் பார்க்கும். மேலே இருப்பதும் அதே பெயர் என்றால் ஒரே பெட்டிக்குள் சேர்த்துவிடும். வேறு பெயர் என்றால் கோடு போட்டுப் புதுப் பெட்டி தொடங்கும். அவ்வளவுதான் அதன் புத்தி. பட்டியலை முன்கூட்டியே ஒழுங்குபடுத்திக் கொடுக்காவிட்டால் ஒரே வீடு ஐந்து இடத்தில் ஐந்து பெட்டியாக வரும். முதல் தரம் எனக்கும் அப்படித்தான் வந்தது. பெயர்வாரியாக ஒழுங்குபடுத்திவிட்டு மறுபடி ஓட்டினேன். பெட்டிகள் எல்லாம் அணிவகுப்பு மாதிரி வந்து நின்றன.

தொண்ணூற்றிரண்டு பெட்டி. ஒரு பெட்டிக்கு ஒரு வீடு.

நூற்று நாற்பது என்றார்களே என்று நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. இரட்டைப் பதிவுகளை எல்லாம் என் அட்டவணை பிடித்துவிட்டது என்று நினைத்தேன். ஜெயராஜா சேரிடம் போய் அப்படியே சொல்லியும் விட்டேன். அவர் மகிழ்ந்துபோய் அன்று பின்னேரமே கொழும்புக்கு எழுதினார். திட்டப் பணிப்பாளர் மதுஷா மிஸ் பாராட்டிப் பதில் போட்டிருந்தார். மிஞ்சும் நாற்பத்தெட்டு வீட்டையும் வேறு மாவட்டத்துக்கு மாற்றுவது பற்றி வரும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முடிவெடுக்கலாம் என்று கடைசி வரியில் இருந்தது. நான் அந்தக் கடைசி வரியை வாசித்துக்கொண்டே இரண்டு பற்றிஸ் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். செவ்வாய்க்கிழமை காலை கண்ணகை அம்மா எங்கள் அலுவலகப் படியேறி வந்தார்.

ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான, நிமிர்ந்த உருவம். விடியவே பஸ் ஏறியிருக்க வேண்டும், சேலையில் பயணத்தின் புழுதி இருந்தது. கையில் சுருட்டிய தாள். மேசையில் விரித்தபோதுதான் பார்த்தேன், அது எங்கள் பட்டியலின் ஏழாம் தாள். நான்கு மூலையிலும் பசை காய்ந்திருந்தது. சுவரில் இருந்து உரித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"இதச் செய்த ஆள் ஆரு?"

நான்தான் என்றேன். கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

"அப்ப சொல்லுங்க மனே. என்ட பேர் போட்ட பெட்டி மட்டும் என்னத்துக்கு இவ்வளவு நீளம்?"

ஒரே வீட்டைச் சேர்ந்த பதினொரு பேரும் ஒரே பெட்டிக்குள் வந்திருக்கிறார்கள், பெயரைத் திரும்பத் திரும்பப் போடாமல் இடப்பக்கம் ஒரு தரம் மட்டும் காட்டுகிறது, அதுதான் அதன் அழகு என்று விளக்கினேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு தாளில் விரலை ஊன்றினார்.

"பதினொரு பேர் ஒரு வீட்ட கிடக்கிறதுக்கு நாங்க என்ன கருவாடா, புள்ள?"

பக்கத்து அறையில் ஜெயராஜா சேர் சிரிப்பது கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கண்ணகை அம்மா உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னார். அவருக்கு மூன்று பெண்மக்கள். வளவில், ஒரே வேலிக்குள், மூன்று வீடு இருந்தது. மூத்தவளின் கலியாணத்துக்குப் பெரிய வீட்டைக் கொடுத்தார். நடுவிலவளுக்குக் கிணற்றடிப் பக்கமாக ஒன்று கட்டிக்கொடுத்தார். கடைக்குட்டி ஆர்த்திகாவுக்கு வேலியோரம் மூன்றாவது வீடு எழும்பிய வருஷம்தான் கடல் வந்தது. மூத்தவள் குடும்பத்தில் ஐந்து பேர், நடுவிலவள் குடும்பத்தில் நான்கு பேர், ஆர்த்திகாவும் தாயும் இரண்டு பேர். ஆகப் பதினொன்று.

"வளவு ஒண்டுதான். ஆனா அடுப்பு மூண்டு. நீங்க ஒண்டத் தந்திட்டு ரெண்ட எடுத்திட்டீங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆனால் சீதனமாகக் கொடுத்த வீடென்றாலும், தாய் இருக்கும்வரை மகள் வாய் திறந்து "என்ட வீடு" என்று சொல்லமாட்டாள். யார் கேட்டாலும் "அம்மாட வீடு" என்பாள். விவரம் எடுக்கப் போன பிள்ளைகளும் அந்த ஊர்ப் பிள்ளைகள்தான், சொன்னதை அப்படியே எழுதினார்கள். மூன்று மகள்மாரும் தாயின் பெயரைச் சொன்னார்கள், என் அட்டவணை மேல்வரியைப் பார்த்தது, அதே பெயர் என்று கண்டது, மூன்று வீட்டையும் ஒன்றாக்கியது. கண்ணகை அம்மாவுக்கு மட்டுமில்லை. பட்டியல் முழுவதும் அதே கதைதான்.

கொழும்பில் இருந்து வந்த ஒருவர் இந்தப் பிழையை விட்டிருந்தால் நான் ஏசியிருப்பேன். ஆனால் எனக்கே பெரியகல்லாற்றில் அம்மாவின் வளவில் ஒரு வீடு இருந்தது. எனக்கென்று கட்டியது, என் கையில் பூட்டுத் திறப்பும் தந்தது. அதே கடல் அம்மாவையும் வீட்டையும் ஒரே காலையில் எடுத்தது. அடுத்த வருஷம் பதிவுக்கு வந்தவர்கள் யாருடைய வீடு என்று கேட்டபோது நானும் "அம்மாட வீடு" என்றுதான் சொன்னேன். எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார், வந்து குடியிருக்க வீடில்லை என்று ஆனதும் மெல்ல மெல்லக் காணாமல் போனார்கள். அந்த ஆள் இப்போது கட்டாரில் லொறி ஓட்டுவதாகக் கேள்வி. நல்லா இருக்கட்டும். நான் சொல்லவருவது, இது எனக்குத் தெரியாத விஷயமில்லை என்பதைத்தான்.

கண்ணகை அம்மா சொல்லி முடிக்கவில்லை. ஆர்த்திகாவுக்குச் சதீசன் என்ற பெடியனைப் பேசியிருந்தது. தோணி வைத்திருக்கிறான், நல்ல பெடியன், பொங்கலன்று தாயோடு வந்து பார்த்துவிட்டும் போனான். வீட்டுப் பட்டியலில் ஆர்த்திகாவின் பெயர் வந்தால் வைகாசியில் கலியாணம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் குற்றமில்லை, அவர்களுடைய வீட்டில் வீடு கொடுக்க வேண்டிய பெண்கள் ஏற்கனவே மூன்று பேர். பெயர் வராவிட்டால் வேறு இடம் பார்ப்பார்கள்.

ஜெயராஜா சேர் எழும்பி வந்தார். அவர் கெட்டவரில்லை, பயந்தவர். என்னைத் தனியே கூப்பிட்டாலும் சுவர் பலகைதான், கண்ணகை அம்மாவுக்கு எல்லாம் கேட்டது. இந்த அம்மாவுக்கு மட்டும் கையால் இரண்டு வீட்டைக் கூட்டிப் போட்டுவிடு, தொண்ணூற்றிரண்டு தொண்ணூற்றுநான்காகும், கொழும்பில் யாரும் கவனிக்கமாட்டார்கள் என்றார். போனவாரம் பாராட்டு வாங்கிய அலுவலகம் இந்தவாரம் பிழை என்று சொன்னால் நம் பேச்சை இனி யார் எடுப்பார் என்றார்.

மறுத்தேன். காரணம் இரண்டு. கையால் கூட்டிய இரண்டு வீட்டுக்குப் பட்டியலில் ஆதாரம் இருக்காது, என்றைக்காவது ஒருநாள் சரிபார்க்கும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த இரண்டும்தான். மற்றது, என் கோபம். என் அட்டவணை விழுங்கிய வீடுகளை என் அட்டவணையே திருப்பிக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் பிரித்துக்காட்டுகிறேன் என்று கண்ணகை அம்மாவிடம் சொன்னேன்.

அவர் ஏழாம் தாளைச் சுருட்டினார். முகம் கறுத்திருந்தது.

"தாறன் எண்டவரையும் தடுத்துப்போட்டீங்க. உங்கட கணக்குச் சரியாகிறதுக்குள்ள என்ட புள்ளட கலியாணம் போயிட்டுதெண்டா, நீங்களா மனே மாப்பிள்ள பாக்கப் போறீங்க?"

அவர் படியிறங்கிப் போன சத்தம் கடைசிப் படிவரை கேட்டது.

வேலை என்று வந்தால் எனக்குக் குழப்பம் வருவதில்லை. பெட்டிக்குப் பொருத்தம் வீட்டுக்காரர் பெயரில்லை, அடுப்பு. ஆனால் என் ஐந்நூற்று முப்பது வரியில் அடுப்பு என்று ஒரு கட்டமே கிடையாது. இனி வீடுவீடாகப் போய்க் கேட்க நாளில்லை. யாரிடம் அடுப்புக் கணக்கு இருக்கும் என்று யோசித்தேன். அரிசி கொடுக்கிறவரிடம் இருக்கும்.

புதன்கிழமை காலை அலுவலக வாகனத்தில் மடிக்கணினியோடு புறப்பட்டேன். கொட்டில்களுக்கு நடுவே நிவாரணக் களஞ்சியம். அதை நடத்துபவர் மக்டலின் அக்கா, மாதா கோயில் பாடகர் குழுவிலும் பாடுகிறவர், குரல் அப்படி இருக்கும். வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வீட்டுக்கு இல்ல தங்கச்சி, அடுப்புக்குத்தான் நான் அரிசி அளக்கிற. ஒரு அடுப்புக்கு ஒரு அட்டை. ரெண்டு வருஷமா ஒரு சுண்டு பிசகல்ல."

நான்கு கொப்பிகளை எடுத்து வைத்தார். நிவாரண அட்டை எண், அந்த அட்டையில் சாப்பிடுகிறவர்களின் பெயர்கள், எல்லாம் உருண்டையான எழுத்தில். அவர் அட்டை எண்ணையும் பெயர்களையும் வாசிக்க, நான் ஒவ்வொரு வரியிலும் எண்ணைத் தட்டினேன். மக்டலின் அக்கா வாசித்தால் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருக்கும் எலிக்கும் கேட்கும். வெளியே அரிசிக்கு வந்தவர்கள் தங்கள் பெயர் வரும்போது "ஓம், அது நாங்கதான்" என்று பதில் சொன்னார்கள். அப்படியே சரிபார்ப்பும் நடந்தது.

மத்தியானம் ஒரு பெண் இரண்டு பிளேன்ரீ கொண்டுவந்தாள். மெலிந்த முகம், தாயின் அதே நிமிர்வு.

"நான் ஆர்த்திகா. அம்மா உங்களோட கோவம். தேத்தண்ணிய மட்டும் குடுத்திட்டு வரச் சொன்னவ."

கோபத்திலும் தேநீர் அனுப்புகிறவர்தான். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கொழும்போடு பேச்சு, அதற்கு முன் அம்மாவை அலுவலகத்துக்கு வரச் சொல் என்றேன். வருவாவோ தெரியாது என்றாள். வாசல்வரை போனவள் திரும்பி, பட்டியல் சரிவருமா அக்கா என்று கேட்டாள். சரிவரும் என்றேன். அந்த நேரத்தில் அப்படிச் சொல்ல எனக்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் சொன்னேன், சொன்னதும் எனக்கே நம்பிக்கை வந்தது.

வியாழக்கிழமை முழுவதும் செய்நிரலோடு இருந்தேன். முதலில் அட்டை எண்ணை வைத்து மட்டும் குழுவாக்கினேன். அடுப்புகள் பிரிந்தன, ஆனால் வளவுகள் உடைந்துபோயின. கண்ணகை அம்மாவின் மூத்த மகள் இரண்டாம் தாளில், நடுவிலவள் ஒன்பதாம் தாளில், ஆர்த்திகா பன்னிரண்டாம் தாளில். காணியைப் பட்டியல் ஒழுங்கில்தான் பிரித்துக் கொடுப்பார்கள். இப்படியே போனால் அக்கா தங்கைகள் திட்டத்தின் மூன்று மூலையில் குடியிருப்பார்கள். அது எங்கள் சனத்துக்குப் பிழை. உப்புக் கேட்க ஒரு தெருத் தாண்டுகிறவர்களில்லை அவர்கள், வேலியில் ஆள் நுழைய ஒரு பொட்டு வைத்துப் போய்வருகிறவர்கள்.

ஆகவே பட்டியலுக்குள் பட்டியல் வைத்தேன். வெளியே வீட்டுக்காரர் பெயரில் வளவு, அதற்குள் அடுப்பு, அடுப்புக்குள் ஆட்கள். முதலில் வளவால் ஒழுங்குபடுத்து, ஒரே வளவென்றால் அட்டை எண்ணால் ஒழுங்குபடுத்து. வளவு மாறினால் பெரிய தலைப்பு, அட்டை மாறினால் சின்னப் பெட்டி. அந்த ஆயத்தக் கூறு இரண்டு அடுக்கு என்றதும் கொஞ்சம் முரண்டு பிடித்தது. தலைப்பையும் ஒரு ஆளாக எண்ணி, ஐந்நூற்று முப்பதை அறுநூறுக்கு மேல் கொண்டுபோனது. தலைப்பு காட்டுவதற்கு மட்டும், எண்ணுவதற்கில்லை என்று தனியே எழுதிக்கொடுத்த பிறகு அடங்கியது.

பின்னேரம் மூன்று மணிக்கு எண் வந்தது. தொண்ணூற்றிரண்டு வளவு, நூற்று நாற்பது பெட்டி.

இந்தத் தரம் நான் பற்றிஸுக்கு ஆள் அனுப்பவில்லை. பெட்டி பெட்டியாகப் பார்த்தேன். மூன்று அட்டை எண்கள் இரண்டிரண்டு வளவில் வந்திருந்தன. பார்த்தால், மனைவியின் வளவில் குடியிருக்கும் மகனையும் அவன் குடும்பத்தையும் ஆசையில் தன் வளவிலும் சேர்த்துச் சொல்லியிருந்த மூன்று தாய்மார். அந்த மூன்று பெட்டியையும் எடுத்தேன். நூற்று முப்பத்தேழு.

ஜெயராஜா சேர் திரையை வெகுநேரம் பார்த்தார். தன்னுடைய அம்மாவும் தன்னை இப்படி இரண்டு இடத்தில் எழுதுவித்திருப்பார் என்றார். பிறகு, நாளைக்கு யார் பேசுவது என்று கேட்டார். பிழை விட்டவள்தான் பேச வேண்டும் என்றேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்குக் கண்ணகை அம்மா வந்துவிட்டார். ஏழாம் தாள் கையில். என்னோடு பேசவில்லை. வாசலோரக் கதிரையில் இருந்தார்.

பத்து மணிக்கு ஒலிபெருக்கித் தொலைபேசியில் மதுஷா மிஸ் வந்தார். கொழும்புத் தமிழ், மரியாதையான, அவசரமான குரல். நாற்பத்தெட்டு வீட்டை மாற்றும் கடிதம் தயார் என்றார். நான் இடையில் புகுந்து, அந்த எண் பிழை, பிழை என்னுடையது என்றேன். எப்படி நடந்தது என்று நான்கு வசனத்தில் சொன்னேன்.

"தனுஷியா, போனவாரம் தொண்ணூற்றிரண்டு என்றும் நீங்கதான் சொன்னீங்க. இந்தவாரம் நூற்று முப்பத்தேழு என்றும் நீங்கதான் சொல்றீங்க. நான் எதை நம்ப?"

"போனவாரம் கணினியக் கேட்டுச் சொன்னன், மிஸ். இந்தவாரம் அரிசி அளக்கிறவவக் கேட்டுச் சொல்றன். மூண்டு வீடு உண்மையாவே கூட. அது மூண்டையும் நானே எடுத்துப்போட்டன், பேரும் தாறன்."

அந்த மூன்று பெயரையும் வாங்கி எழுதிக்கொண்டார். குரல் கொஞ்சம் இளகியது. பக்கத்தைத் தன் கணினியில் திறந்து, எழுந்தமானமாக, கை போன இடத்தில் ஒன்றைப் பார்க்கப்போவதாகச் சொன்னார். சுட்டியைத் தட்டித் தட்டித் தாள் தாளாகப் போவது கேட்டது. எந்த இடத்தில் நின்றிருப்பார் என்று நினைக்கிறீர்கள். ஏழாம் தாளில் நின்றார்.

கண்ணகை என்பவர் வளவுத் தலைப்பிலும் இருக்கிறார், மூன்றாம் பெட்டியிலும் தலைவியாக இருக்கிறார், கூட இருப்பது கலியாணமாகாத ஒரு மகள் மட்டும் என்றார். தாயும் மகளும் நிவாரணத்துக்காக அட்டையைப் பிரித்து எடுத்திருக்கலாம், உண்மையில் மூத்த மகளோடு இருப்பவர்களாகவும் இருக்கலாம். இது நாலாவது இரட்டைப் பதிவு இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஜெயராஜா சேர் என்னைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை இவர் கொடுக்கவந்த வீட்டைத் தடுத்தவள் நான்தான். கலியாணமாகாத எனக்கும் வீடு இருந்தது என்று சொல்லலாம். ஆனால் அது என் வீட்டுக்குத்தான் ஆதாரம். வாசலுக்குப் போய்க் கண்ணகை அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். அம்மாவே சொல்லுங்க, மூன்றாம் வீடு யாருடையது, அதற்கு என்ன நடந்தது என்றேன்.

அவர் தொலைபேசிப் பெட்டியைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்துவிட்டு, குனிந்து பேசினார்.

"அது கார்த்திகையில கட்டி முடிஞ்ச வீடு. ஓடு போட்டு, குசினியில அடுப்பும் போட்டாச்சி. மார்கழியில பால் காச்சக் கூடாதெண்டு தைக்கு நாள் வெச்சிருந்தம். மார்கழி முடியிறதுக்குள்ள கடல் வந்திட்டு." கொஞ்சம் நிறுத்தினார். "அந்த அடுப்பில ஒருநாளும் நெருப்பு மூட்டல்ல, மகள். அதுக்காக அது வீடில்லாமப் போகுமா?"

ஜெயராஜா சேர் தொலைபேசிப் பெட்டியை அவர் பக்கமாகத் தள்ளிவைத்தார்.

அப்படியென்றால் அந்த வீடு ஏன் உங்கள் பெயரில் இருக்கிறது என்று மதுஷா மிஸ் கேட்டார். குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது.

"அது இந்தப் புள்ளைகள் போட்டது. என்ட பேர எடுத்திட்டு ஆர்த்திகாட பேரப் போடுங்க. நான் குடுத்திட்டன்."

உங்களுக்கு வீடு வேண்டாமா அம்மா என்றார் மதுஷா மிஸ்.

"மூண்டு மகளுக்கும் வீடிரிக்கெண்டா, எனக்கு எந்த வீட்டுக் கதவு பூட்டிக்கிடக்கும்?"

நான் மேசைக்குப் போனேன். மூன்றாம் பெட்டியில் ஆர்த்திகாவை முதல் வரிக்குக் கொண்டுவந்தேன், தாயை இரண்டாம் வரியில் வைத்தேன். பக்கத்தைப் புதுப்பித்துப் பாருங்கள் மிஸ் என்றேன். பார்த்தார். தலைப்பில் இன்னும் கண்ணகை வளவு என்று இருக்கிறதே, அவரை இரண்டு தரம் எண்ணாதா என்று கேட்டார். தலைப்பு எண்ணிக்கையில் வராது, மூன்று வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பது மட்டும்தான் அதன் வேலை என்றேன்.

கண்ணகை அம்மா என் தோளுக்கு மேலால் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எண்ணாட்டிப் பறவாயில்ல," என்றார். "மேல இரிக்கட்டும்."

மதுஷா மிஸ் மாற்றல் கடிதத்தை நிறுத்துவதாகவும், நூற்று முப்பத்தேழுக்கு அன்றைக்கே ஒப்புதல் அனுப்புவதாகவும் சொன்னார். அடுத்த முறை படிவத்தை மட்டக்களப்பில் தயாரிக்கலாம் என்றும் சொன்னார். ஜெயராஜா சேர் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் முதலிலேயே சொன்னேன்தானே என்றார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. நல்ல நாளில் அதெல்லாம் எதற்கு.

கண்ணகை அம்மா போகும்போது என் தலையில் கை வைத்தார். உங்களுக்கு அம்மா இருக்காவா என்று மட்டும் கேட்டார். இல்லை, கடலோடு போய்விட்டார் என்றேன். ஐந்து வருஷமாக இந்த வசனத்தைக் கலங்காமல் சொல்லிப் பழகியவள் நான். அன்றைக்கு முடியவில்லை, அழுதேன். அவர் அவசரப்படாமல், பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு என் பக்கத்தில் இருந்தார்.

திங்கட்கிழமை புதுப் பட்டியல் ஒட்டப்பட்டது. செவ்வாய்க்கிழமை காலை மக்டலின் அக்கா தொலைபேசி எடுத்தார். பட்டியல் நன்றாக இருக்கிறது, சனம் மகிழ்ச்சி, ஆனால் ஏழாம் தாளை மறுபடியும் காணவில்லை என்றார். இன்னும் என்ன பிழை என்று கேட்டேன்.

பிழை ஒன்றுமில்லையாம். கண்ணகை அம்மா அதை உரித்து மடித்துக்கொண்டு, முதல் பஸ்ஸிலேயே சதீசனின் தாய் வீட்டுக்குப் போய்விட்டாராம்.

ஏழாம் தாளை இன்னொரு தரம் அச்சடித்தேன். இந்த முறை பசையைக் கொஞ்சம் குறைத்துப் பூசச் சொன்னேன், கண்ணகை அம்மா அதை உரித்துக்கொண்டுபோய் மற்ற இரண்டு சம்பந்தி வீட்டாருக்கும் காட்ட வேண்டி வரலாம்.